நூலகத் தட்டுக்கு ஒரு தமிழ்ப் பதிவு: எதை வைக்கலாம், அட்டையில என்ன எழுதலாம்?

நூலகக்கிளி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்பில இசை படிக்கிற மூன்றாம் வருசக்காரி. வாய்ப்பாட்டு, பக்கத்தில கொஞ்சம் வயலின். பின்னேரங்களில எங்கட இசை நூலகத்தில உதவிக்கு நிக்கிறன். நொட்டேஷன் புத்தகம் அடுக்கிறது, ஹெட்போன் குடுத்து வாங்கிறது, திரும்பி வாற சீடியில கைரேகை துடைக்கிறது, இவ்வளவுதான் வேலை.

கவுண்டருக்குப் பக்கத்தில "மாணவர் தெரிவு" எண்டு ஒரு தட்டு இருக்கு. எந்த மாணவரும் ஒரு பதிவைத் தெரிஞ்சு அதில வைக்கலாம். ஒரே விதி, இதை ஏன் கேக்க வேணும் எண்டு உள்ளங்கை அளவு அட்டையில சொந்தக் கையெழுத்தில எழுதிச் சொருக வேணும். விரிவுரையாளர்மாருக்கு அனுமதி இல்லை. தட்டு சும்மா கிடக்கிறதில்லை, நல்லா ஓடுது. பியானோ படிக்கிற பிள்ளை ஒண்டு பாக்கின்ர செலோ தனி வாசிப்புகளை வைச்சு, "சோதனைக்கு முதல்நாள் இரவு தொடாதேங்கோ, பிறகு பாடம் ஓடாது" எண்டு எழுதியிருக்கு. சிங்கள இசையில அமரதேவ இருக்கிறார், கேமதாச இருக்கிறார், வடநாட்டு இசையில கிஷோரி அமோன்கர் இருக்கிறா. விக்டர் ரத்நாயக்கவின்ர 1973ஆம் ஆண்டு "ச" கச்சேரிப் பாட்டுகளுக்கு ஒரு பொடியன் எழுதின அட்டை: "அம்மாவுக்கு இது முழுக்கப் பாடம். எனக்கு ஏன் எண்டு இப்பதான் விளங்குது."

தமிழ் மட்டும் இல்லை. ஆரும் தடுக்கேல்லை, வைக்கிறதுக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். கர்நாடக சங்கீதம் படிக்கப் போற எங்கட பிள்ளையள் மருதனார்மடத்துக்கோ மட்டக்களப்புக்கோ போயிடுவினம். இங்க நாங்கள் கைவிரல் விட்டு எண்ணக் கூடிய ஆக்கள். ஆனா உள்ளறை இரும்பு அலுமாரியில ஆரோ அன்பளிப்பாத் தந்த இசைத்தட்டும் கசற்றும் சீடியும் நிறையக் கிடக்கு. அதுக்குள்ள இருந்து எடுத்து வைக்கலாம் எண்டு பொறுப்பாளர் மிஸ் சொல்லிப்போட்டா. அலுமாரியில இல்லாததை வெளியில இருந்து கொண்டுவந்தாலும் பிரச்சினை இல்லையாம்.

கேக்கப் போற ஆக்களைச் சொல்லுறன். சித்தார் வாசிக்கிற ஒரு குருநாகல் பொடியன், தபேலாக்காரர் ரெண்டு பேர், வடநாட்டு வாய்ப்பாட்டான கயால் பாடுற ஒரு அக்கா, மேலே சொன்ன பியானோப் பிள்ளை. எல்லாரும் காது உள்ள ஆக்கள். தமிழ் தெரியாது. பத்து நிமிசத்தில ஹெட்போனைக் கழட்டி வைக்காமல் இருக்க வேணும், அதுதான் என்ர கவலை.

தயவுசெய்து பெரிய வித்துவான்மாரின்ர பட்டியல் போடாதேங்கோ. ஆருக்கு எந்தப் பதிவு, ஏன் எண்டு சொல்லுங்கோ.

காலிவீதி101:

எம்.எஸ். சுப்புலட்சுமி, 1966, ஐக்கிய நாடுகள் சபைக் கச்சேரி. இதில யோசிக்க என்ன இருக்கு?

நூலகக்கிளி:

அண்ணா, அது அலுமாரியில முதல் வரிசையில இருக்கு. கேக்கச் சொன்னா எல்லாரும் மரியாதையாத் தலையாட்டுவினம். "பெரிய ஆள்" எண்டு தெரிஞ்சு கேக்கிற கேள்வி வேற, தன்ர காதுக்குப் பிடிச்சுக் கேக்கிற கேள்வி வேற எல்லோ. எனக்கு ரெண்டாவது வேணும்.

சுருதிப்பெட்டி:

தங்கச்சி, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர். நான் கொழும்பில ஒரு பள்ளிக்கூடத்தில கர்நாடக சங்கீதம் படிப்பிக்கிறன். ஆசிரியர் அறையில எனக்குப் பக்கத்து மேசை கீழைத்தேய சங்கீத ரீச்சர், எதிர் மேசை மேலைத்தேய சங்கீத சேர். மூண்டு பாடமும் மூண்டு வகுப்பறையில, ஒரு சுவர்தான் நடுவில. கன வருசமா அந்தச் சுவரைத் தாண்டி ஆக்களைக் கேக்க வைக்கிறது என்ர பொழுதுபோக்கு. அதால கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவன், பொறுத்துக்கொள்ளும்.

முதல்ல, அவையின்ர காதில ஏற்கனவே என்ன குடியிருக்கு எண்டு பாரும். சிங்களப் பிள்ளையள் படிக்கிறது வடநாட்டுப் பாத்கண்டே முறை. பத்துத் தாட், அதாவது இராகங்களை வகை பிரிக்கிற பத்துச் சுர வரிசை, அவைக்குத் தண்ணி பட்ட பாடு. யமன் எண்டா எங்கட கல்யாணியின்ர சுரங்கள், பிலாவல் எண்டா சங்கராபரணம், பைரவ் எண்டா நாங்கள் சரளி வரிசை பாடுற மாயாமாளவகௌளை. பூபாலிக்கு மோகனம், மால்கௌன்ஸுக்கு ஹிந்தோளம், துர்காவுக்கு சுத்த சாவேரி. பேரை மட்டும் நம்பாதேயும். அவையின்ர பைரவி எங்கட தோடியின்ர சுரங்கள், அவையின்ர தோடி எங்கட சுபபந்துவராளிக்குக் கிட்ட. அலுமாரியில "பைரவி" எண்டு கண்டு குடுத்தா வேற வீட்டுக் கதவைத் தட்டின மாதிரி முடியும்.

ஆனா சுரம் ஒண்டு எண்டதுக்காக எந்த இராகத்தையும் குடுக்கலாம் எண்டில்லை. தோடியைத் தொடக்கத்தில குடுக்க வேண்டாம். எங்கட தோடியில காந்தாரம் ஒரு இடத்தில நிக்காது, ஆடிக்கொண்டே இருக்கும். நிண்டு நிதானமா ஒரு சுரத்தில இளைப்பாறிப் பழகின கயால் காதுக்கு அது முதல் நாள் தலைச்சுற்று. ஹிந்தோளம், மோகனம், ஹம்சத்வனி மாதிரி ஐஞ்சு சுரக்காரர் முதல்ல வரட்டும். ஹம்சத்வனி எங்கட பக்கத்தில இருந்து வடக்கே போன இராகம். முத்துசுவாமி தீட்சிதரின்ர அப்பா இராமசுவாமி தீட்சிதர் உண்டாக்கினது எண்டு சொல்லுவினம். இண்டைக்கு சித்தாரிலயும் புல்லாங்குழலிலயும் வடக்கத்தியார் தங்கட சொத்து மாதிரி வாசிக்கினம். அதில எனக்குச் சந்தோசம்தான்.

உம்மட சித்தார்ப் பொடியனுக்கு என்ர தெரிவு மதுரை மணி ஐயர் பாடின "எப்போ வருவாரோ". கோபாலகிருஷ்ண பாரதியின்ர தமிழ்ப் பாட்டு, இராகம் ஜோன்புரி. அவன் படிச்ச ஜௌன்புரிதான் இது. இராகம் தெரியும், மொழி தெரியாது, தாளம் பாதி தெரியும். தெரிஞ்சதில ஒரு கால், தெரியாததில ஒரு கால் வைச்சு நிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. மணி ஐயரின்ர குரல் பெரிய வெண்கலக் குரல் இல்லை, கொஞ்சம் மூக்கால வாற மெல்லிய குரல். முதல் ரெண்டு நிமிசம் "இவரா?" எண்டு நினைப்பான். பிறகு கற்பனை சுரம், அதாவது அந்த இடத்திலேயே கற்பனை பண்ணிச் சுரம் பாடுறது, தொடங்கும். அந்த மனுசன் சுரம் பாடேக்க விளையாடுற பிள்ளையின்ர உற்சாகம் ஒண்டு வரும், சுருதியில மயிரிழை பிசகாது. சித்தார்க்காரன் கையில தாளம் போடத் தொடங்கிவிடுவான், பாரும்.

கயால் பாடுற அக்காவுக்கு எம்.டி. இராமநாதன். அடித்தொண்டைக் குரல், விளம்ப காலம் எண்ட மெதுவான நடை, ஒரு சுரத்தில நிண்டு அடுத்ததுக்குப் போக அவசரமே இல்லாத மனுசன். எங்கட ஆக்களே பலர் "தூக்கம் வருது" எண்டு எழும்பிப் போன பாடகர். விளம்பித் கயால் பாடுற ஒருத்தி எழும்ப மாட்டா. அவ பழகின வேகமே அதுதான். இவரை எங்கட ரசிகரைவிட அவவுக்குத்தான் முதல்ல பிடிக்கும் எண்டு பந்தயம் கட்டுவன்.

பியானோப் பிள்ளைக்கு ஒரு குறும்பு. முத்துசுவாமி தீட்சிதர் மதராஸ் பக்கம் இருக்கேக்க ஆங்கிலேயரின்ர பாண்டு வாத்தியம் வாசிச்ச மெட்டுகளைக் கேட்டு, அதுகளுக்கு சமஸ்கிருதத்தில சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் எண்டு சொல்லுவினம், எல்லாம் சங்கராபரணம். அதில ஒண்டு பிரித்தானிய அரச கீதத்தின்ர மெட்டு! சுரத்தை ஆட்டிப் பாடுற கமகம் இல்லை, நேர் சுரம். அந்தப் பிள்ளைக்கு நோட்டுஸ்வரம் ரெண்டைக் குடுத்து, உடனடியா அதே தீட்சிதரின்ர "வாதாபி கணபதிம்" ஹம்சத்வனியில குடும். ஒரே ஆள் ரெண்டு பாஷை பேசினது காதில விழும். கர்நாடக சங்கீதத்துக்குள்ள வயலின் வந்ததே இவரின்ர தம்பி பாலுசுவாமி தீட்சிதராலதான் எண்டு அட்டையில ஒரு வரி போடும், மேலைத்தேயக்காரர் கொஞ்சம் நிமிர்ந்து இருப்பினம்.

தபேலாக்காரர் ரெண்டு பேருக்கும் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். நான் தவில் எண்டுவன். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி. 1975இல போயிட்டார், இந்தியாவில பெரிய நாதஸ்வரக்காரர் எல்லாம் தங்கட கச்சேரிக்குத் தேடிக் கூப்பிட்ட எங்கட நாட்டு மனுசன். கொழும்புப் பிள்ளையள் தவில் கேக்காமல் இல்லை. ஆடிவேல் தேர் செட்டியார் தெருவில இருந்து பம்பலப்பிட்டிக்கு வரேக்க றோட்டில நிண்டு கேட்டிருப்பினம். ஆனா அதைத் திருவிழாச் சத்தம் எண்டுதான் எடுத்திருப்பினம். ஹெட்போனில கேட்டாத்தான் ஒரு கை குச்சியால பேசுறதும் மற்றக் கை விரலில கூடு மாட்டிக்கொண்டு பதில் சொல்லுறதும் பிரிஞ்சு விளங்கும். அட்டையில ஆதி தாளம் எண்ணுற விதத்தை எழுதிவிடும்: ஒரு தட்டு, மூண்டு விரல், தட்டு வீச்சு, தட்டு வீச்சு, மொத்தம் எட்டு. தீன்தால் பதினாறு எண்ணிப் பழகினவைக்கு உடன பிடிபடும்.

நூலகக்கிளி:

ரீச்சர், இதுக்கு எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை. இராமநாதன் கசற் ஒண்டு அலுமாரியில இருக்கு, ரேப்பில பூஞ்சணம் பிடிச்ச மாதிரி வெள்ளைப் புள்ளி. கொழும்புப் புழுக்கத்துக்குக் கசற் எல்லாம் இப்பிடித்தான் போகுது. மிஸ்ஸிட்டக் காட்டாமல் பிளேயரில போட மாட்டன், போட்டா ஹெட்டும் பழுதாகி அடுத்த கசற்றுக்கும் தொத்தும்.

ஒரு சந்தேகம். தியாகராஜர் தெலுங்கு, தீட்சிதர் சமஸ்கிருதம். நான் "தமிழ்" எண்டு சொல்லி வைக்க, ஆராவது "இது தமிழா?" எண்டு கேட்டா முழுசிக்கொண்டு நிக்கவோ? பழந்தமிழ் ஒண்டாவது வேணும் போல கிடக்கு.

கொச்சிக்கடை மணியோசை:

பிள்ளை, அப்ப தேவாரம் வையும். ஓதுவார் ஆராவது பாடின பதிவு, கச்சேரி மேடையில பாடினது இல்லை. சம்பந்தர் கோணேஸ்வரத்துக்குப் பாடின "நிரைகழல் அரவம்" பதிகம், மூன்றாம் திருமுறை, பண் புறநீர்மை. ஏழாம் நூற்றாண்டுப் பாட்டு. அட்டையில "திருகோணமலைக் கடலைப் பற்றி ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு மேல முந்தின பாட்டு" எண்டு எழுதினாப் போதும். திருகோணமலைக்கு ட்ரிப் போகாத சிங்களப் பிள்ளை இருக்கோ? கடல் அலைச் சத்தம் பாட்டுக்குள்ளேயே இருக்கு, அர்த்தத்தையும் ரெண்டு வரி எழுதும்.

இன்னொண்டு, வெள்ளிக்கிழமை பின்னேரம் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வாரும். கருங்கல் மண்டபத்தில தேவாரம் எப்பிடிக் கேக்கும் எண்டது எந்த ஹெட்போனிலயும் வராது.

தப்புச்சத்தம்:

அக்கா, நான் ஹட்டன் பக்கம். இப்ப கொட்டாஞ்சேனையில ரூம் எடுத்து வேலை செய்றேன். மேல எல்லாரும் நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா ஒண்ணு கேக்கணும். தட்டுல ஒரே ஒரு தமிழ்ப் பதிவு இருக்கப் போவுது, அதுவும் சபா சங்கீதம்தானா? நம்ம ஊர் ஆளுங்க பாட்டுக்கு அந்தத் தட்டுல எடம் கெடையாதா?

காமன் கூத்து கேட்டிருக்கீங்களா? மாசி மாசத்துல பல தேயிலத் தோட்டத்துல நடக்கும். மன்மதன், ரதி, செவபெருமான் கண்ணத் தொறந்து எரிக்கிறது, ரதி அழுவுறது. ரதி ஒப்பாரி வர்ற நேரம் லயத்துல, அதான் தோட்டத்து லைன் வீட்டுல, உள்ள பொம்பளைங்க எல்லாரும் நெசமாவே அழுவாங்க. பாட்டுக்குத் தப்புங்கிற தோல் கருவி அடிப்பாங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி தீ மூட்டி தோலக் காய வைப்பாங்க, அப்பதான் சத்தம் நறுக்குன்னு வரும். ஒரு கையில நீளமான மெல்லிய குச்சி, மத்த கையில குட்டக் குச்சி. தபேலா படிக்கிற ஆளுங்களுக்கு அதக் குடுத்துப் பாருங்க. அந்தக் காலத்துல காலையில பெரட்டுக்கு ஆள் கூப்பிடவும் தப்புதான். வேலைக்கு எழுப்புன அதே தோலுதான் சாமிக்கும் அடிக்குது. அத அட்டையில எழுதுங்கக்கா.

கடையில சீடி தேடுனா கெடைக்காது. எங்க தோட்டத்துல போன்ல எடுத்த ரெக்கோடிங் இருக்கு, பெரியவங்ககிட்ட கேட்டு அனுமதி வாங்கி அனுப்புறேன். கூடவே சி.வி. வேலுப்பிள்ளை தெரட்டுன மலையகப் பாட்டு புஸ்தகம் உங்க நூலகத்துல இருந்தா பக்கத்துல வைங்க. பாட்டப் படிச்சிக்கிட்டே கேக்கலாம்.

காலிவீதி101:

தம்பி, பல்கலைக்கழக நூலகத்தில போன் ரெக்கோடிங்கா? தரம் எண்டு ஒண்டு இருக்கு.

தப்புச்சத்தம்:

தரம் பாக்குறது நீங்க சொன்ன ஐக்கிய நாடுகள் சபைக்குச் சரி. எங்க மேட்டு லயத்துக்கு ஸ்டூடியோ வராதுங்க அண்ணே, போன்தான் வரும்.

நூலகக்கிளி:

தம்பி, கட்டாயம் அனுப்பும். ஆர் பாடினது, ஆர் தப்பு அடிச்சது, எந்தத் தோட்டம், எந்த வருசம் எண்டு அவையிட்டயே கேட்டு எழுதி அனுப்பும். பேர் போட விருப்பம் இல்லையெண்டா போடேல்லை. ஆவணமா நூலகத்தில சேர்க்க வேணும் எண்டா மிஸ் ஒரு படிவம் தருவா.

மட்டுநகர் மத்தளம்:

நல்ல இடத்துலதான் வந்திருக்கன் போல. தங்கச்சி, உங்கட ஆக்கள் எல்லாருக்கும் "மனமே" தெரியும்தானே? சரச்சந்திர 1956இல போட்ட நாடகம். சிங்களப் பிள்ளையள் பள்ளிக்கூடத்துல இருந்தே அதுட பாட்டுகளக் கேட்டு வளர்ந்தவங்க. அவர் எடுத்தாண்ட நாடகம எண்ட பழைய சிங்களக் கூத்து வடிவத்துக்கும் எங்கட கூத்துக்கும் உறவு இருக்கெண்டு அறிஞர்கள் எழுதியிருக்காங்க. அப்ப வேற என்ன வேணும்? எங்கட கூத்துல ஒரு வகையான தென்மோடியில ஒரு பதிவ "மனமே"க்குப் பக்கத்துல வைங்க. அட்டையில ஒண்டும் எழுதாட்டியும் பரவாயில்ல, ரெண்டையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாக் கேளுங்க எண்டு மட்டும் எழுதுங்க.

ஆனா விடிய விடிய ஆடுற கூத்த ஹெட்போனுல எப்பிடிக் கேக்கிற எண்டு கேப்பீங்க. முழுசா வேணாம். வரவுப் பாட்டு ஒண்டு, சண்டைத் தரு ஒண்டு, கடைசியில மங்களம். கூத்துப் பழக்கிற அண்ணாவியார் மத்தளத்தோட சொல்லுக்கட்டுச் சொல்ல, சல்லரித் தாளம் விழ, பிற்பாட்டுக்காரர் வரியத் திருப்பி எடுக்கிற இடம்தான் உயிர். வட்டக்களரியில நிண்டு பாக்கிறவனுக்கு ஆட்டம் கண்ணப் பறிச்சிரும், பாட்டுக் காதுக்கு வராது. மறுகா பதிவுல கேட்டாத்தான் தெரியும், அந்த மனுசர் ஆடிக்கிட்டே எவ்வளவு நுணுக்கமாப் பாடியிருக்காங்க எண்டு. 1960களில பேராதனையில வித்தியானந்தன் சேர் கூத்தச் சுருக்கி மேடைக்குக் கொண்டு வந்த பிறகு எடுத்த பதிவுகள் தேடிப் பாருங்க.

யாழ்ப்பாணத்து ஆக்கள் கோவிக்கப்படாது, தவிலுக்கு முன்னுக்கு மத்தளம்தான் என்ட வாக்கு.

மருதானைக்காரன்:

ஒரே ஒரு பேர்தான். நாகூர் ஈ.எம். ஹனிபா, "இறைவனிடம் கையேந்துங்கள்". என்ட வாப்பா நோன்பு காலத்துல ரேடியோவ மூட விட மாட்டார். அந்தக் குரலுக்கு அர்த்தம் சொல்லத் தேவல்ல, தமிழ் தெரியாத எங்கட சிங்கள அயலவரே ஹனிபாட சத்தம் வந்தா யார் பாடுறதெண்டு சொல்லுவாங்க.

மேல அமரதேவ எண்டு கண்டதும் ஞாபகம் வந்திச்சு. அல்பர்ட் பெரேரா எண்ட பேர்ல வயலின் வாசிச்ச இளம் பொடியனுக்குக் கைகுடுத்து 1947இல "அசோகமாலா" படத்துக்குக் கூட்டிப் போனது இசையமைப்பாளர் முகமது கவுஸ் மாஸ்டர். உங்கட தட்டுல அமரதேவ அட்டைக்கு அடியில அத ஒரு வரி எழுதச் சொல்லுங்க.

பம்பலப்பிட்டிப் பழசு:

எல்லாரும் எழுதி முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். எனக்கு வயசு போட்டுது, எழுத்து மெதுவாத்தான் வரும்.

பிள்ளை, நீர் தேடுறது பத்து நிமிசத்துக்குள்ள ஆளைப் பிடிக்கிற பதிவு எண்டா, அந்தப் பிரச்சினையை எழுபத்தெட்டு சுற்று இசைத்தட்டு எப்பவோ தீர்த்துப்போட்டுது. ஒரு பக்கம் மூண்டு நிமிசம் சொச்சம். அதுக்குள்ள இராகம், பாட்டு, ஒரு சின்னச் சுரம் எல்லாம் முடிய வேணும். பெரிய பாடகர்மார் ஒரு மணித்தியாலக் கற்பனையைக் கசக்கிப் பிழிஞ்சு அந்த மூண்டு நிமிசத்துக்குள்ள வைச்சினம். கே.பி. சுந்தராம்பாளின்ர பழைய தட்டுகளை எடும். அவவும் நாடகப் பாடகர் கிட்டப்பாவும் சேர்ந்ததே இலங்கை நாடக மேடையிலதான். கிட்டப்பா 1933இல முப்பது வயசு ஆகாமலே போயிட்டார். அந்த ரெண்டு குரலும் மைக் இல்லாத கொட்டகையில கடைசி வாங்கு வரைக்கும் போகப் பழகின குரல். இப்பத்தைய பிள்ளையள் மைக்கை வாய்க்குள்ள வைச்சுப் பாடுதுகள், ஒருக்கா இதையும் கேக்கட்டும். தட்டில கீறல் இரைச்சல் இருக்கும். அதைத் துடைச்ச பதிவு எண்டு வாறதுகளைத் தொடாதேயும், இரைச்சலோட சேர்த்துக் குரலையும் துடைச்சுவிடுவாங்கள்.

இன்னொரு வழியும் இருக்கு. அவைக்குத் தெரிஞ்ச சிங்களப் பாட்டுக்குள்ள இருந்தே தொடங்கும். ஆர். முத்துசாமி, நாகர்கோவில் பக்கம் இருந்து வந்து எத்தினை சிங்களப் படத்துக்கு இசை அமைச்சவர். எம்.கே. ரொக்சாமி, சாக்ஸபோன். ருக்மணி தேவி, கொழும்புச் செட்டிக் குடும்பத்துப் பிள்ளை, பிறந்த பேர் டெய்சி டானியல்ஸ். சிங்களப் பிள்ளையளுக்கு இந்தப் பேரெல்லாம் மனப்பாடம். முத்துசாமி இசை அமைச்ச சிங்களப் பாட்டு ஒண்டையும் தமிழ்ப் பாட்டு ஒண்டையும் ஒரே அட்டைக்குக் கீழ வையும்.

வடநாட்டு முறை இங்க இவ்வளவு வேர் விட்டதுக்கு வானொலிக்கும் பங்கு இருக்கு. 1952இல லக்னோவில இருந்து சங்கீத அறிஞர் ரத்தன்ஜங்கரைக் கூப்பிட்டு இலங்கை வானொலிப் பாடகரைத் தரம் பிரிக்கச் சொன்னவை. சிங்களப் பாடகர் சுனில் சாந்த அந்தச் சோதனைக்குப் போக மாட்டன் எண்டு நிண்டார், வானொலியை விட்டே விலகினார். அதே வருசம் அங்கால இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கத் தொடங்க, முழு இந்தியாவும் கொழும்பு வானொலியைத் திருப்பிச்சுது. ஒரே ஆண்டில ஒரே ஊரில இவ்வளவும். இது உம்மட கேள்விக்குப் பதில் இல்லை, ஆனா சொல்லாமல் இருக்க முடியேல்லை.

கடைசியா ஒண்டு. "கற்பகவல்லி நின் பொற்பதங்கள்". டி.எம். சௌந்தரராஜன் பாடினது, மயிலாப்பூர் அம்மனைப் பற்றினது, அதால எல்லாரும் இந்தியப் பாட்டெண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம். எழுதினவர் இணுவில் வீரமணி ஐயர். இராகமாலிகை. ஆனந்தபைரவி, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி எண்டு இராகம் மாறேக்க அந்தப் பேரே வரியில வந்து விழும். பாகேஸ்ரீ வாற இடத்தில உம்மட கயால் அக்கா தலையை நிமிர்த்துவா.

இரவுப்பறவை:

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதிறீங்கள். யூடியூப்பில போட்டா எல்லாம் வருது, சீடியும் அட்டையும் ஆருக்கு இப்ப?

நூலகக்கிளி:

யூடியூப்பில எல்லாம் வரும், உண்மைதான். ஆனா அதில எனக்கு வாற பரிந்துரை நான் நேற்றுக் கேட்டதுக்குப் பக்கத்து வீடுதான். சித்தார் கேக்கிறவனுக்குச் சித்தார், ஹனிபா கேக்கிறவருக்கு ஹனிபா. ஹட்டன் தம்பியின்ர தப்பைக் கொண்டுபோய் குருநாகல் பொடியனின்ர கையில அது குடுக்காது. அட்டையில எழுத்துப்பிழையோட ஒரு பிள்ளை எழுதியிருந்தா, அந்தப் பிள்ளை ஆர் எண்டு தேடிப்போய்க் கதைக்கலாம். எங்கட நூலகத்தில அப்பிடித்தான் ரெண்டு பேர் சேர்ந்து குழு தொடங்கியிருக்கினம்.

சரி, முடிவுக்கு வாறன். தமிழுக்கு ஒரு இடம்தான் எண்டு விதி ஒண்டும் இல்லை, அட்டைக்கு ஒரு ஆள் எண்டதுதான் விதி. அதால முதல் அட்டை நான் எழுதுறன், ஜோன்புரி. தவிலுக்கு எங்கட வகுப்பு மிருதங்கப் பொடியனைப் பிடிச்சிருக்கிறன். தேவாரத்துக்கு முதலாம் வருசத் தங்கச்சி ஒண்டு, அவ கொச்சிக்கடையில பிறந்து வளர்ந்தவ. "மனமே" பக்கத்தில கூத்து எண்ட யோசனையைச் சொல்ல, நாடகம் படிக்கிற ஒரு சிங்கள அண்ணா தானே எழுதுறன் எண்டு வாங்கிக்கொண்டு போயிட்டார். மத்தளக்கார அண்ணா, நீங்கள் பதிவு அனுப்பாட்டி என்ர மானம் போயிடும். காமன் கூத்து வந்ததும் தனி இடம். நோட்டுஸ்வரம் இன்னும் கிடைக்கேல்லை, தேடுறன். மருதானை நானாவின்ர கவுஸ் மாஸ்டர் வரி ஏற்கனவே அமரதேவ அட்டைக்கு அடியில ஏறியாச்சு.

ரீச்சர், என்ர அட்டையை ஒருக்காப் பாருங்கோ. சிங்களத்தில எழுதப்போறன், இங்க தமிழில போடுறன்:

"ஜோன்புரி. உனக்குத் தெரிஞ்ச இராகம்தான். ஆரோகணத்தில காந்தாரம் இல்லை, அவரோகணத்தில வரும். காந்தாரம், தைவதம், நிஷாதம் கோமளம். பாட்டு கோபாலகிருஷ்ண பாரதி, 19ஆம் நூற்றாண்டு. பாடுறவர் மதுரை மணி ஐயர், 1912 முதல் 1968 வரை வாழ்ந்தவர். ஆதி தாளம். தில்லைச் சிவன் எப்ப வருவார், என்ர துன்பம் எப்ப தீரும் எண்டு ஒருத்தர் கேக்கிற பாட்டு. சுரம் பாடுற இடத்தைக் கவனி."

சுருதிப்பெட்டி:

தங்கச்சி, ஆரோகணம் அவரோகணம் கோமளம் எல்லாத்தையும் வெட்டும். அவன் அதில சோதனை எழுதிப் பாஸ் பண்ணினவன், உம்மட அட்டையில திரும்பப் படிக்க வரமாட்டான். பிறந்த வருசமும் போன வருசமும் சீடி உறையில கிடக்கும். தில்லைச் சிவனை விடும், அது வேணும். "ஜோன்புரி, உனக்குத் தெரிஞ்ச இராகம்தான்" எண்ட வரியையும் விடும். மிச்ச இடத்தில, இந்தப் பாட்டை நீர் முதல் முதல் ஆர் பாடக் கேட்டனீர் எண்டு எழுதும். உம்மட பெயரையும் எந்த நாளில கவுண்டரில நிக்கிறனீர் எண்டதையும் அடியில போடும், கேட்டுப்போட்டு அவன் வந்து சண்டை பிடிக்க ஆள் வேணும்.

நோட்டுஸ்வரம் என்னட்ட இருக்கு, சீடி. வாற ஞாயிறு பின்னேரம் தமிழ்ச் சங்கத்து நூலகத்துக்கு வருவன். வாசலில நில்லும், கொண்டாறன். திருப்பித் தர வேணும், சொல்லிப்போட்டன்.